தலையில்லாத பாட்டுக்காரர்

இன்று, நம்மவர் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் நம் பழைய அறைக்குக் கீழே இருந்த கடையை உடைத்துத் திருத்துகிறார்கள். மரக்கறிப் பையோடு கடந்துபோன என்னை ஈரப் பிளாஸ்டரின் மணம் பிடித்து நிறுத்தியது. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்த மணம் வந்தால் எனக்குக் கழுத்து கூசுகிறது. எல்லாம் உன்னால்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. புறநகரான ஒபர்வில்லியேயில் மியூசியங்களுக்காகப் பழைய சிற்பங்களைப் பிளாஸ்டரில் வார்க்கும் பட்டறையில் நம் இருவருக்கும் வேலை. அந்தக் குளிர்காலத்தில், ஸ்பெயினில் அரபு மன்னர்கள் ஆயிரம் வருடங்களுக்கு முன் கட்டிய அரண்மனைத் தூண் ஒன்றின் உச்சியை வார்த்தோம். சுருண்ட இலைகள், இலைக்கு இலை ஆழமான துளைகள், மொத்தத்தில் ஒரு குளவிக்கூடு. துளைகளில் அடைத்த பிளாஸ்டரைக் கம்பியால் கிண்டி எடுப்பது நம் வேலை. நாலு பக்கமும் இலைகளுக்கு நடுவே வாத்தியத்தோடு ஒவ்வொரு பாட்டுக்காரர் நின்றார். ஒருவருக்கும் தலை இல்லை. எந்தக் காலத்திலோ யாரோ கொத்தி எடுத்துவிட்டார்கள்.

முதல் நாளே நீ கம்பியைக் கீழே வைத்துவிட்டாய்.

"மச்சான், இது பின்னமானது. இதுக்கு முன்னாலை இருக்கக்கூடாது. வீட்டுக்கு ஆகாது."

"உது சாமியே? பாட்டுக்காரர் எல்லோ," என்று சிரித்தேன். மன்னார் வேதக்காரனான எனக்கு மாதா சுரூபத்தின் விரல் உடைந்தால் பசை போட்டு ஒட்டித்தான் பழக்கம்.

"ஆராயிருந்தாலும் ஆள்தானே," என்றாய்.

யாழ்ப்பாணத்தில் உன் தம்பியை ஆமி சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய் அப்போது ஒரு மாதம் இருக்கும். எந்த முகாம் என்றுகூடத் தெரியவில்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது, நீ அந்தக் கழுத்துகளில் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று.

ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போனால், நாலு பேரில் ஊதுகுழல்காரனுக்குத் தலை முளைத்திருந்தது! சனிக்கிழமை தனியே வந்து பிளாஸ்டரில் செய்து ஒட்டியிருந்தாய். அகன்ற நெற்றி, மேலுதட்டில் அரும்பு மீசை. "தம்பி," என்றாய். அத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் நன்றாகச் சாப்பிட்டாய்.

நம் முதலாளி, பத்ரோன் என்போம், கெட்ட மனிதரல்ல. ஆனாலும் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. கல்லில் இல்லாதது பிரதியில் இருக்கக்கூடாது, செய்தவனே வெட்டட்டும் என்று பிரெஞ்சில் சொன்னார். அதை உனக்குத் தமிழில் சொல்ல என் நாக்கு எழும்பவில்லை. நீ விளங்கிக்கொண்டு உளியை எடுத்தாய். இரண்டு தட்டில் தலை விழுந்தது. நீ அதைக் குனிந்து பார்க்கவேயில்லை.

"என்ரை கையாலையே வெட்டிப்போட்டன்," என்று மெட்ரோவில் ஸ்டாலின்கிராட் ஸ்டேஷன் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாய். அன்றிலிருந்து பேச்சின் நடுவே உன் கை கழுத்துக்குப் போய்ப் போய் வந்தது. பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த கிழமை ஊருக்குப் போகப்போவதாகச் சொன்னாய். உனக்குப் பைத்தியமா என்று கத்தினேன், காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன்.

"நான் போய்த் தேடினால்தான் அவன் கிடைப்பான். வெட்டினது நான்தானே."

"அது பிளாஸ்டரடா!"

நீ கழுத்தில் மஃப்ளரை இறுக்கிச் சுற்றிக்கொண்டு படியிறங்கினாய். கொழும்பில் இறங்கினாய் என்பதுவரை தெரியும். அதற்குப் பிறகு உன்னைப் பற்றியும் சேதி இல்லை, தம்பியைப் பற்றியும் இல்லை.

உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. விழுந்த தலையை நான் எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இப்போதும் என் அலுமாரியில் துணி சுற்றி இருக்கிறது. உன் தம்பியை நான் ஒருநாளும் கண்டதில்லை. அந்த நெற்றியில் எனக்குத் தெரிவது நீதான், உன்னுடைய படம் வேறொன்றும் என்னிடம் இல்லை.

தலையில்லாத உடம்பு வீட்டுக்கு ஆகாது என்றாய். உடம்பில்லாத தலை வீட்டில் இருக்கலாமோ, மச்சான்? அதைக் கேட்க எனக்கு உன்னை விட்டால் ஆளில்லை.