கை நனைத்த சம்பந்தியம்மா

மார்ச் 3, 2025, திங்கள்

போன வருடம் மதுரையில் எடை குறைக்கும் ஆபரேஷன் முடிந்து நான் படுத்திருந்தபோது, பழைய மாணவி பாஸிலா பார்க்க வந்தாள். ஏழாம் வகுப்பில் செய்வாளே, அதே மாதிரி கையைத் தூக்கிவிட்டுத்தான் கேட்டாள்: "வயித்தச் சின்னதாக்கிட்டாங்களே டீச்சர், இனிமே பசி எங்க போயி உக்காரும்?"

முப்பத்திரண்டு வருடம் அறிவியல் நடத்தியவளுக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்குத் தெரிந்தது. தலையில் போய் உட்காரும்.

காலை பத்து மணிக்குப் பக்கத்து வீட்டில் பிறந்தநாள் கேக். ஒரே ஒரு துண்டு, உள்ளங்கை அளவு. பதினொன்றரைக்கு மாவு மில்லில் வரிசையில் நிற்கிறேன். கை நடுங்கியது, சேலை முழுக்க வியர்வை. அதற்கு மேல் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். வரிசையைப் பார்த்து, "எல்லாரும் உயரப்படி நில்லுங்க, குட்டையானவங்க முன்னாடி" என்று சத்தம் போட்டேனாம். போட்டதுகூடப் பரவாயில்லை. நின்றார்களாம்! பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். மில்காரர் மரியராஜ் மிஷினை நிறுத்திவிட்டு அவரும் வந்து நின்றிருக்கிறார். மிளகாய் அரைக்க முதல் ஆளாக வந்த ஒரு ஆறடி மனிதர், பேசாமல் கடைசிக்குப் போனாராம்.

என் வீட்டுக்காரர் வேலுசாமி பெரிய டம்ளர் நன்னாரி சர்பத்தோடு ஓடி வந்தார். குடித்ததும் தெளிந்தேன். வீட்டுக்கு வந்து ஒன்றரை மணி நேரம். மறுபடியும் நடுக்கம். குக்கர் விசில் அடித்ததும், "யாரது விசிலடிச்சது? எந்திரி!" என்றேனாம்.

சுகர் பார்க்கும் மிஷினில் 52.

"எறங்குனா ஏத்த வேண்டியதுதான. இதுல என்ன பெரிய சயின்ஸு?" என்று அடுத்த டம்ளரைக் கலக்கினார். ஒரு காலத்தில் எனக்கு சுகர் முந்நூறு. அப்போது லட்டு டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டிய அதே மனிதர்!

மார்ச் 4

எடை 74. முழங்கால் வலி போயே போய்விட்டது. மாவு வாங்கத்தான் இனி வேறு மில் பார்க்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனார் ராமுத்தாய் கன்னிவாடியிலிருந்து வந்தார். என் மகன் விக்னேஷுக்கு ஒரு வரன். பெண் பெயர் நாகஜோதி, சின்னாளப்பட்டி. அப்பாவுக்குச் சுங்குடிச் சேலைக் கடை. பெண் தாலுகா ஆபீஸில் சர்வேயர்.

விக்னேஷ் போட்டோவைப் பார்த்துவிட்டு, "ம்ம்" என்றான். அவனுக்கு இருபத்தொன்பது வயது. இதற்கு முன் மூன்று போட்டோவுக்கு "ம்" மட்டும்தான். இந்த 'ம்ம்' எனக்குப் புரியும். போட்டோவைத் திருப்பித் தராமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனதும் புரியும்.

ராமுத்தாய் மதினி எனக்கு இரண்டு சட்டம் போட்டார்.

"ஏத்தா வள்ளி, வயித்த அறுத்தேன் தச்சேன்னு அங்க போயி பாடம் நடத்தாத. நோயாளி வீடுன்னு ஓடிப்போவாய்ங்க."

"கேட்டா என்ன மதினி சொல்ல?"

"நடந்து இளச்சேன்னு சொல்லு."

நாற்பது கிலோவையா? இமயமலை வரைக்கும் நடந்திருக்க வேண்டும்.

இரண்டாவது சட்டம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பேச்சு முடியும் வரை அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. காப்பித் தண்ணி ஒரு வாய் பாவமில்லை. சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் மாற்றிப் பேச முடியாது.

மார்ச் 16, ஞாயிறு

எப்படி எழுதுவது? எழுதித்தான் ஆக வேண்டும். என்னத்தப் பண்ணித் தொலச்சேன்!

காலையில் நான்கு பேரும் காரில் கிளம்பினோம். மதுரை ரோட்டில் மதினி வண்டியை நிறுத்தச் சொன்னார். கரும்புச்சாறு. "அங்க ஒரு வாய் காப்பிக்கு மேல தொட முடியாது. இப்பவே ரொப்பிக்க. மயக்கம் கியக்கம் வந்துறாம" என்று இரண்டு டம்ளர். பாசத்தில்தான் கொடுத்தார். அப்போது மணி ஒன்பதே முக்கால்.

நல்ல வீடு. நல்ல மனிதர்கள். பெண்ணும் பையனும் பேசட்டும் என்று மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். கூடத்தில் மண்டபம் எந்த ஊர், திண்டுக்கல்லா சின்னாளப்பட்டியா என்று பேச்சு இழுத்துக்கொண்டே போனது. பதினொன்றேகாலுக்கு என் விரல்கள் தனியாக ஆட ஆரம்பித்தன. முகம் கழுவலாமென்று பின்பக்கம் போனேன்.

மற்றதெல்லாம் பிறர் வாய்மொழி.

பாத்ரூமுக்குப் பதில் அடுப்படிக்குள் போயிருக்கிறேன். அங்கே சோறு, சாம்பார், முட்டைக்கோஸ் வெஞ்சனம், வடை. தட்டை எடுத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சத்துணவுக்கூடத்தில் கேட்பதுபோல், "சாம்பார்ல காய் இருக்கா? கிண்டிப் போடுங்க" என்றேனாம். பெண்ணின் அம்மா போட்டிருக்கிறார். நான் சாப்பிட்டிருக்கிறேன். இரண்டாவது தடவையும் கேட்டிருக்கிறேன்.

அந்தம்மா கரண்டியோடு கூடத்துக்கு ஓடினாராம். "என்னங்க, சம்பந்தியம்மா கை நனச்சுட்டாங்க!"

மண்டபப் பேச்சு அந்த இடத்திலேயே முடிந்தது. பெண்ணின் அப்பா எழுந்து என் வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்தார். சின்னாளப்பட்டி மண்டபமே உறுதி.

மாடியிலிருந்து இறங்கிய நாகஜோதியைப் பார்த்து, "ஏன் லேட்டு? நீ எந்த செக்‌ஷன்?" என்றேனாம். அந்தப் பெண் என் கையைப் பார்த்திருக்கிறாள், முகத்தைப் பார்த்திருக்கிறாள். "பி செக்‌ஷன் டீச்சர். நீங்க மொதல்ல சாப்டுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவியிருக்கிறாள். அதுமட்டும் எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

காரில் மதினி: "பேச்சு பாதியில கெடக்கு, நீ பந்தியப் போட்டுட்ட!"

வண்டி ஓட்டிய விக்னேஷைக் கண்ணாடியில் பார்த்தேன். சிரிப்பை அடக்குகிறானா, அழுகையையா?

மார்ச் 17, திங்கள்

பெண்ணின் அப்பா போன் செய்தார். குரலில் நேற்றைய சந்தோஷம் இல்லை. "தப்பா நெனைக்காதீங்க. சம்பந்தியம்மாவுக்கு அடிக்கடி இப்படி ஆகுமா? எம்பொண்ணு வாழ வர்ற வீடு..."

கேட்டது நியாயம்தானே. நான் பதில் சொல்ல வாயெடுக்கும் முன் மதினி போனைப் பிடுங்கினார்.

"அது ஒண்ணுமில்லங்கண்ணே. அவ மேல அம்மன் எறங்கும். நல்ல காரியம்னா தானா வந்துரும்."

அந்தப் பக்கம் அவர் பயபக்தியோடு, "ஓகோ" என்றார்.

சூரிய கிரகணத்துக்குப் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போய்க் கையில் பிஸ்கட் கொடுத்துத் தின்ன வைத்தவள் நான். எனக்கு வந்த வாழ்வைப் பார்!

மார்ச் 19, புதன்

மதுரை. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் தீபாவைப் பார்த்தேன். விக்னேஷைவிடச் சின்னப் பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்: "ஒவ்வொரு தடவையும் அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்க, எத்தன மணிக்கு?"

கேக் பத்து மணி, நடுக்கம் பதினொன்றரை. சர்பத், ஒன்றரை மணி நேரம், குக்கர். கரும்புச்சாறு ஒன்பதே முக்கால், அடுப்படி பதினொன்றேகால். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாகிவிட்டது. பரிசோதனையை மூன்று தடவை செய்திருக்கிறேன், அட்டவணை போடவில்லை!

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதி வைக்கிறேன். முன்பு என் வயிறு ரயில்வே கேட். வண்டிகளை நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஆபரேஷனுக்குப் பிறகு கேட் இல்லை. இனிப்பு மொத்தமும் ஒரே நேரத்தில் குடலுக்குள் பாய்கிறது. உடம்பு, பெரிய கலவரம் என்று நினைத்து நான்கு லாரி போலீஸை அனுப்புகிறது. அதுதான் இன்சுலின். அவர்கள் வந்து சேர்வதற்குள் கூட்டம் கலைந்துவிடுகிறது. வந்ததற்கு யாரையாவது பிடிக்க வேண்டுமே? தெருவில் சும்மா நின்ற சர்க்கரையையும் வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். தெரு காலி. டீச்சர் மில்லில் அட்டென்டன்ஸ் எடுக்கிறாள்.

அப்படியானால் அந்த டம்ளர் சர்பத்? அது அடுத்த கலவரம்.

எழுபதுக்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சீனி, தண்ணீரில். டம்ளர் நிறைய இல்லை. கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறியதும் ஒரு முட்டையோ ஒரு பிடி வேர்க்கடலையோ. மற்ற நாளில் இனிப்பான பானம் எதுவும் வேண்டாம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சமாகச் சாப்பாடு. அதிலும் முட்டை, பருப்பு, காய் முதலில். சோறு கடைசியில், கொஞ்சம். ஸ்கூட்டர் இப்போதைக்கு வேண்டாம். இன்னும் ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார்கள்.

பஸ்ஸில் இவரிடம் விளக்கினேன். "அப்ப இம்புட்டு நாளா ஒனக்கு வெசத்தையா கொடுத்தேன்?" என்று வத்திப்போன முகத்தோடு கேட்டார். அவருக்குப் பாவம் போக, வழியில் ஒரு பொட்டலம் கடலை வாங்கித் தரச் சொன்னேன்.

மார்ச் 20

இட்லி மூன்று, சட்னி. ஒன்றரை மணி நேரம் கழித்து 63.

மார்ச் 21

முட்டை முதலில், பத்து நிமிடம் கழித்து இட்லி ஒன்று. அதே ஒன்றரை மணி நேரம். 92!! வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பரீட்சை ரிசல்ட் பார்ப்பதுபோல் இரண்டு தடவை பார்த்தார்.

மார்ச் 23, ஞாயிறு

பெண் வீட்டார் வந்தார்கள். அப்பா, அம்மா, சித்தப்பா. கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் சர்க்கரைப் பொங்கல், ஒரு செம்பு பானகம், எலுமிச்சம்பழ மாலை. மாலை எனக்கு.

சித்தப்பா காலில் விழாத குறை. "தாயி, வத்தலக்குண்டு பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கிருக்கேன். மூணு எடத்துல போர் போட்டும் தண்ணி இல்ல. நாலாவது எங்க போட?"

மதினி என் காதில், "வடகிழக்குன்னு சொல்லிட்டுப் பொங்கல வாயில போடு. அம்புட்டுத்தான்" என்றார்.

அம்புட்டுத்தானா? பொங்கலைப் போட்டால் பதினொன்றரைக்கு அம்மன் நிச்சயம் வருவாள். அடுத்த வாரமும் பொங்கல் வரும். கல்யாணம் முடிந்தும் வரும். அந்த மனிதர் நாலாவது குழி வெட்டுவார். உண்மையைச் சொன்னால் மகனின் கல்யாணம் நிற்கலாம். அந்த 'ம்ம்'. நான் விக்னேஷைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, தாம்பாளத்தை எடுத்து என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தான்.

போதும். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் வயிறு வரைந்தேன். ரயில்வே கேட், போலீஸ் லாரி எல்லாம் வரைந்தேன். ஆபரேஷன், எழுபத்து நாலு கிலோ, கரும்புச்சாறு, எதையும் விடவில்லை. "உங்க வீட்டுச் சோத்துல நான் கை வச்சது சம்மதத்துக்கும் இல்ல, சாமிக்கும் இல்ல. சுகர் எறங்கிருச்சு. மறைச்சது எங்க தப்பு. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

மதினி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பெண்ணின் அப்பா தாளை மடித்துப் பையில் வைத்தார். "யோசிச்சுச் சொல்றோம்" என்று மட்டும் சொன்னார்.

படியிறங்கிய சித்தப்பா திரும்பி வந்தார். "அப்ப போருக்கு எடம்?"

மார்ச் 25

போன் இல்லை. மதினி என்னோடு பேசுவதில்லை. என்னோடு பேசுவதில்லை என்பதை மட்டும் தினமும் போன் போட்டுச் சொல்கிறார்.

மார்ச் 27

போன் இல்லை. விக்னேஷ், "நீங்க சொன்னது சரிதாம்மா" என்றான். ஆனால் இரவு ஒரு தோசையோடு எழுந்துவிட்டான். தப்புப் பண்ணிட்டேனா? பிள்ளை முகத்தைப் பார்க்க முடியலையே.

மார்ச் 28, வெள்ளி

நாகஜோதியின் அம்மா!

"கோவிச்சுக்காதீங்க. அஞ்சு நாளா எங்க வீட்ல ஒரே பஞ்சாயத்து. இவரு வேணாங்குறாரு, எம்மக வேணுங்குறா."

"பொண்ணு இப்பத்தான் வேணும்னுச்சா?"

"பின்ன? சாமி வருதுன்னு ஒங்க நாத்தனார் சொன்னதும், சாமியாடுற மாமியார் வீட்டுக்கு நான் போகவே மாட்டேன்னு கதவச் சாத்திக்கிட்டா. எந்நேரம் என்ன சொல்லுமோன்னு பயம். சுகர்தான்னு அந்தப் படத்தக் காமிச்சதும், இது நான் சமாளிச்சுக்குவேம்மான்னுட்டா. போன வருசம் வந்த வரன்ல, வேலை இல்லாத பையன என்சினியர்னு சொல்லிட்டாய்ங்க. வாயத் தொறந்து நோயச் சொன்ன வீடு நீங்கதான்னு அதையே சொல்லிச் சொல்லி அப்பாவக் கரைச்சுட்டா."

விக்னேஷிடம் சொன்னேன். "ம்ம்" என்றான். பிறகு ஏழு தோசை.

மே 11, ஞாயிறு

நிச்சயதார்த்தம் முடிந்தது. சின்னாளப்பட்டி மண்டபம்.

தட்டு மாற்றியதும் வழக்கப்படி வாயில் சர்க்கரை போட ஆறேழு பேர் என்னை நோக்கி வந்தார்கள். அவர்களை வழிமறித்தவர் ராமுத்தாய் மதினி. "ஏய், தள்ளு! அவளுக்குக் கேட்டு கெடையாது. போலீசு வந்துரும்!" வந்தவர்கள் நிஜப் போலீஸ் என்று நினைத்து வாசலைப் பார்த்தார்கள். மதினி உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். லாரி மட்டும் நான்கிலிருந்து பத்தாகியிருந்தது.

பந்தியில் என் இலைக்கு நாகஜோதியே வந்தாள். கொண்டைக்கடலைச் சுண்டல், பருப்பு, பொரியல் வைத்தாள். சோற்று வாளியோடு வந்தவரிடம், "அத்தைக்குப் பத்து நிமிசம் கழிச்சு, ஒரு கரண்டி" என்றாள். பட்டுச்சேலையோடு நின்று கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். சர்வேயர் அல்லவா, பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம்தான். பக்கத்து இலையில் விக்னேஷும் சோறு வாங்காமல் சுண்டலைத் தின்றுகொண்டு காத்திருந்தான். அவனுக்கு ஒரு நோயும் இல்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து, 96.

என்னைப் போல ஆபரேஷன் செய்துகொண்ட யாராவது இந்த நோட்டைப் பார்த்தால்: அடுத்த விருந்தில் சுண்டலையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டு முடியுங்கள், பத்து நிமிடம் கழித்துச் சோற்றில் கை வையுங்கள்.