மோட்டார் தகராறும் மூன்றாம் அத்தியாயமும்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லோரும் நலம், அங்கே உன் இருமல் நின்றதா? நீ பேராசிரியர் ஆன செய்தியை அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அமைதியும் மோதலும் பற்றிய படிப்பு என்றால் யாருக்கும் பிடிபடவில்லை, தையல்காரர் உன்னைப் போலீஸ் அதிகாரி என்று நினைத்து எனக்குக் கூடுதல் மரியாதை கொடுக்கிறார், நானும் திருத்தவில்லை. நீ இதில் சேர்ந்தபோது, "சண்டையைப் படிக்க அவ்வளவு தூரம் போகணுமா, நம்ம வீட்டுலயே இருக்கே" என்று கேட்டவன்தானே நான்.

மாடியில் இருக்கும் உன் சித்தப்பாவும் நானும் தண்ணீர் மோட்டார் தகராறில் நாலு வருடமாகப் பேசுவதில்லை அல்லவா, உன் புத்தகத்தை ஒரு வரி விடாமல் படித்த அம்மா போன ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்காரவைத்துவிட்டாள். எதிராளியின் குறையை அவராகவே மாறி நாம் சொல்ல வேண்டும் என்று மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறாயாம். "சொல்லி முடிக்கிற வரைக்கும் காபி கிடையாது" என்று அடுப்பை அணைத்தாள். காபிக்காக நான்தான் ஆரம்பித்தேன். அவனைப் போலவே மூக்கை உறிஞ்சி, "எங்கண்ணன் குளிச்ச உடனே மோட்டாரை அணைச்சிடறான், மாடியில ஆள் இருக்கறது அவனுக்கு ஞாபகமே இல்ல" என்றேன். அவன் சிரிக்கவில்லை. "மோட்டார் இல்லண்ணா, என் வீட்டுக்காரிக்கு ஆபரேஷன் நடந்தப்ப நீ எட்டிக்கூடப் பாக்கல" என்றான். ஆஸ்பத்திரி வாசல்வரை போய், அந்த மருந்து வாடைக்குப் பயந்து திரும்பி வந்ததை நான் உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அந்த மேசையில்தான் முதல்முறையாகச் சொன்னேன். அவன் எழுந்து மாடிக்குப் போனான், எல்லாம் போச்சு என்று நினைத்தேன், சித்தியைக் கையோடு அழைத்து வந்து, "இவகிட்டயும் சொல்லு" என்றான். சொன்னேன். சித்தி, "எனக்குன்னு பழம் ஏதாவது வாங்கினீங்களா?" என்றாள். ஒரு டஜன் ஆரஞ்சு வாங்கினேன், திரும்பும்போது பஸ்ஸிலேயே நாலு தின்றுவிட்டேன் என்றேன். முதலில் சிரித்தவன் உன் சித்தப்பாதான், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டான், நானும்தான். இப்போது மோட்டாருக்காக தினமும் வாய்விட்டுச் சண்டை போடுகிறோம், நிம்மதியாக இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, சமரசம் பேசப் போகிற சண்டைப் பகுதிகளில் கூடாரத்தில் ராத்தங்கினால் கம்பளியை மறக்காதே. இன்னொன்று, தன் குழந்தையைப் பார்க்க நீ வரவில்லை என்று உன் அண்ணனுக்கு வருத்தம், என்ன வேலையில் இருந்தாய் என்று அவன் கேட்கவில்லை என்று உனக்கு வருத்தம், பேசி ஒரு வருடம் ஆகிறதாம். துப்பாக்கி வைத்திருப்பவர்களையே எதிரெதிரே உட்காரவைக்கிறவள் நீ. யார் முதலில் போன் செய்ய வேண்டும் என்று மட்டும் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லையே என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

நீ நீடூழி வாழ்க.

உன் அப்பா