மாமியாருக்காக எடுத்த லீவு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருந்தால் அதுவே போதும். இதைப் போனில் சொல்லியிருப்பேன், ஆனால் இந்த வீட்டில் சமையலறையில் முணுமுணுத்தாலும் கூடத்தில் கேட்கிறது, அதனால்தான் கடிதம்.

எனக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனதிலிருந்து உன் வீட்டுக்காரர் பஸ் டிப்போ பக்கமே போகவில்லை. கேட்டதற்கு, உங்களைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்தோடு லீவு கொடுத்திருக்கிறார்கள் அத்தை, நிம்மதியாக இருங்கள் என்றார். எப்படி நிம்மதி வரும்? ராப்பகலாக உழைத்தாலே சம்பளத்தை இழுத்தடிக்கிறவர்கள், வீட்டில் இருக்கிறவருக்குச் சும்மா தூக்கிக் கொடுப்பார்களா? வேலை போய்விட்டது, மனுஷன் மறைக்கிறார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். மாடி வீட்டு டீச்சரிடம் ஜாடையாக விசாரித்தேன். பெண்டாட்டி, பிள்ளை, பெற்றவர்கள் முடியாமல் கிடந்தால் அந்த லீவு உண்டு, மாமியாருக்கெல்லாம் உண்டா தெரியவில்லையே என்று அவள் இழுத்தாள். கேட்கவா வேண்டும், அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை.

போன வாரம் மாப்பிள்ளை மருந்து வாங்கப் போயிருந்தார். கழுத்தில் அட்டை தொங்க ஒருவன் வந்து, உங்கள் மருமகன் இங்கேதான் இருக்கிறாரா, அவர்தான் உங்களைப் பார்த்துக்கொள்கிறாரா என்று நோண்டி நோண்டிக் கேட்டான். வேலை இல்லாதவர் எங்கேயோ கடன் வாங்கி மாட்டிக்கொண்டார் போல என்று நினைத்து, அப்படி யாரும் இங்கே இல்லை, என்னை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

வந்தவன் அந்த லீவைக் கொடுக்கிற ஆபீஸ்காரனாம். உடனே லீவை நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளை என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரே வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டால் மாமியாருக்கும் உண்டு அத்தை, அதைத்தான் பார்க்க வந்திருக்கிறான் என்றார். அப்போதும் நான் நம்பவில்லை. நானே கேட்டுக்கொள்கிறேன் என்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு அந்த ஆபீசுக்கே கிளம்பிவிட்டேன், மாப்பிள்ளையும் கூடவே வந்தார்.

அங்கே மேஜைக்காரப் பெண்ணிடம், இவருக்கு வேலை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டேன். இருக்கிறதாம். ஆனால் அவள் என்னையே திருடியைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். "அன்னைக்கு யாரும் இல்லைன்னீங்க, இன்னைக்கு மட்டும் எங்கிருந்து வந்தாரு?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "என்னால குனிய முடியாதும்மா. என் கால் நகத்தைப் பாரு. வெட்டிவிட்டது இவர்தான்" என்று செருப்பைக் கழற்றிக் காட்டினேன். மாப்பிள்ளை கூச்சத்தில் ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் எட்டிப் பார்த்தாள், உடனே சீலை எடுத்துக் காகிதத்தில் குத்தினாள். லீவு திரும்பக் கிடைத்துவிட்டது.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. திரும்பி வரும்போது படியில் மாப்பிள்ளை, பார்த்து இறங்குங்கம்மா என்றார். இத்தனை வருஷமாக அத்தைதான். எதற்கு அடிபோடுகிறார் என்று நீயே பக்குவமாக விசாரித்து எழுது.

குளிரில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ. தீர்க்காயுசாக இரு. இந்தக் கடிதத்தைப் பற்றி அவரிடம் மூச்சுவிடாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா