பிளேட்டில் இல்லாத வரி

எதிர் வீட்டில் கல்யாணம், மாமு. விடிந்ததுமே ஒலிபெருக்கிக் குழாயை நம் தெரு விளக்குக் கம்பத்தில் கட்டிவிட்டார்கள். முதல் பாட்டே உன்னுடையதுதான். "போன தோணி பொழுது சாய வந்து சேருமே." ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவன் துணியை வீசி எறிந்தேன். அந்தத் தோணி கரை சேரும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நீ முதலில் எழுதியது அது இல்லையே. "போன தோணி வந்ததடி, போனவன் வரலையடி" என்றல்லவா எழுதினாய்? காசிமேட்டுக் கரையில் காத்து நிற்கும் ஒருத்தியின் பாட்டு. படக் கம்பெனி முதலாளி, "அழுமூஞ்சிப் பாட்டை எவன் கேப்பான்? தோணியோட ஆளையும் கரை சேத்துடுங்க" என்றாராம். சேர்த்தாய். கிராமபோன் பிளேட்டு வந்தது, ஊரே பாடியது, நீ மாட்டிக்கொண்டாய்.

ராயபுரத்தில் நாம் நாடகம் போட்ட நாட்களில் இப்படியா இருந்தாய்? நான் ஆர்மோனியம், நீ பாட்டு. ஒன்ஸ்மோர் கேட்டால் பாடிய வரியையே திரும்பப் பாடுவது உனக்குக் கேவலம். ஒவ்வொரு ஒன்ஸ்மோருக்கும் அங்கேயே ஒரு புது வரி கட்டுவாய். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் முன்வரிசையில் இருந்தால் அவர் மூட்டையும் பாட்டுக்குள் வந்துவிடும்.

கோடம்பாக்கத்தில் உன்னை ஓர் அறையில் உட்காரவைத்து, இந்திப் பாட்டு பிளேட்டைச் சுழலவிட்டு, அந்த மெட்டுக்குள் தமிழை அடைக்கச் சொன்னார்கள். ஒப்பந்தம் முடியும்வரை வெளியில் எழுதவும் கூடாது, பாடவும் கூடாது. உன்னைப் பார்க்க வந்தேன். வேளாவேளைக்குச் சோறு அறைக்கே வந்தது. நீ தட்டைத் தள்ளிவைத்தாய்.

"ஜன்னல தொறந்தாலும் காத்தே வர்ல மாமு. எத்த எய்திக் குட்த்தாலும், தோணிப் பாட்டு மாரியே ஒண்ணு குடுன்றானுங்கோ."

பிறகு ஒருநாள் ஒப்பந்தத்தை மீறி ராயபுரம் மேடையில் வந்து நின்றாயே! "ஜனங்கோ என் வரிய ஏத்துகிச்சின்னா, நாளிக்குக் கம்பெனி காருக்கு டிமிக்கி குட்த்துட்டு இங்கியே வந்துட்றேன்" என்று என் காதில் சொன்னாய். தோணிப் பாட்டைப் பாடினாய். ஒன்ஸ்மோர் என்று கொட்டகை அதிர்ந்தது. பழைய வழக்கப்படி வரியை மாற்றினாய். போனவன் வரலையடி.

"யோவ், தப்பா பாட்றே! பிளேட்டுல அப்டி இல்ல!" என்று ஒருவன் கத்தினான். எழுதினவனுக்கே பாடம் சொல்கிறானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் மீன் விற்கிற அம்மா ஒருத்தி எழுந்து நின்றாள்.

"என் புள்ள கடலுக்குப் போய்கீறான் நைனா. பிளேட்டுல தோணி நல்லபடியா வந்து சேருதே, நீ ஏன் போனவன் வரலன்றே?"

என் சிரிப்பு நின்றுபோயிற்று. நீ அவளையே பார்த்தாய். பிறகு பிளேட்டில் உள்ளபடியே பாடி முடித்தாய். கைதட்டல் ஓயவில்லை. உன் முகம் செத்துப்போயிருந்தது.

"கம்பெனிகிட்டேந்து ஓடிடலாம் மாமு. அந்தம்மாகிட்டேந்து எங்க ஓட்றது?" என்றாய். மறுநாள் கார் வந்தது, ஏறிப் போனாய். அதன்பிறகு நீ எழுதியதெல்லாம் தோணிதான். ஓடம் என்றும் படகு என்றும் பெயர் மட்டும் மாறியது. கடைசியில் அந்த அறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய்.

உன்னை மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனபோது தெரு முழுக்க அதே பாட்டு. பெண்கள் நின்றுகொள்ளும் தெருமுனை வந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. குரலே இல்லாத நான் உன் வரியை எடுத்தேன். போன தோணி வந்ததடி, போனவன் வரலையடி. யாராவது திருத்துவார்கள் என்று பயந்துகொண்டேதான் பாடினேன். யாரும் திருத்தவில்லை. அந்த மீன்கார அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இன்னொரு தபா பாடு நைனா" என்றாள்.

நீயாக இருந்தால் புதிதாக ஒன்று கட்டியிருப்பாய். எனக்கு அது வராதே மாமு. என்னிடம் இருந்தது உன்னுடைய அந்த ஒரு வரிதான், இன்றைக்கும் அதுதான் இருக்கிறது. அதையே திரும்பப் பாடினேன்.