மூன்றாவது கென்வஸில் கராம்பு

மச்சான்,

இன்று இரத்தோட்டையில் நல்ல வெயில். முற்றத்தில் காயும் கராம்பின் வாசம் எழும்பியதும் உன் பூப்படம்தான் ஞாபகம் வந்தது.

லொறி ஓட்டிய உன் கை பூ வரைகிறது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன் நான். மூன்று கென்வஸ், மூன்றிலும் ஒரே பூங்கொடி படர வேண்டும் என்றாய். பழைய பத்திரிகை, அதன்மேல் உன் மனைவியின் சேலைத் துண்டு, அதற்குமேல் சாயம் என்று அடுக்கடுக்காக ஒட்டுவாய். சட்டம் அடித்துத் துணி கட்டித் தந்தது நான். என் எட்டாம் வகுப்புக் கணக்கில் மூன்றும் மூன்று உயரத்தில் வந்தன.

முதலாவதை உன்னிடம் தருவதற்குள் காயப்போடப் பாய் போதவில்லை என்று அதன்மேல் பச்சைக் கராம்பைக் கொட்டிவிட்டேன்.

"மடையா, இது படம்டா, பாயில்ல!"

"கழுவித் தர்றேன் மச்சான்."

"முதல்ல ஒன் மூளையக் கழுவு."

பிறகு அந்தப் பழுப்புக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாய். "இதுதான்டா அடிநிறம். மத்த ரெண்டுலயும் இப்பிடியே காயப்போடு."

இரண்டாவதிலும் போட்டேன். மூன்றாவதன் முறை வந்தபோது சோம்பல்பட்டு, பறித்த கராம்பைப் பச்சையாகவே விற்றுவிட்டேன். அடுத்த பருவம் பார்ப்போம் என்றேன்.

"ஒன்னால மூணாவது பட்டினி கெடக்குதுடா" என்றாய். சிரித்தோம். அடுத்த பருவத்துக்கு நீ இல்லை.

செத்த வீட்டில் நான் அழவில்லை. கதிரைகளை அடுக்கினேன். யாரோ கலைத்தார்கள், மறுபடி அடுக்கினேன். மகள் வந்து, "போதும்ப்பா, ஒக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். இன்னும் எழும்பவில்லை போலத்தான் இருக்கிறது.

போன வாரம் உன் மனைவி அந்த வெறும் கென்வஸைக் கொண்டுவந்தாள். "அண்ணே, இதுல ஒங்க வேல பாக்கி இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

அன்றே கராம்பைப் பரப்பினேன். இன்று அள்ளிவிட்டேன். கறை நன்றாக இறங்கியிருக்கிறது.

"நீங்களே ஒரு பூ போட்டுருங்கப்பா" என்றாள் மகள்.

"நான் போட்டா கறிக்கு வெட்டுற கோவா மாதிரி இருக்கும்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வேறெதுவும் வரவில்லை.

நாளை அதை உன் வீட்டுச் சுவரில் மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் மாட்டுவேன். உன் கொடி இரண்டாவதன் விளிம்போடு நின்றுவிடும். அதற்கப்புறம் என் கறை மட்டும்தான். உயரம் எப்படியும் சரிவராது.

சோப்புப் போட்டும் கையில் வாசம் போகவில்லை. இந்தக் கையோடுதான் ஆணி அடிக்க வருகிறேன்.