உமே அத்தையின் நவம்பர்

கிஸோ மலை
அக்டோபர் 10, 1984

அன்புள்ள மோரியோவுக்கு,

உமே அத்தை எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன், என் முழங்கால் வலியும் கூடவே இருக்கிறது. இரண்டு பேருக்கும் சாப்பாட்டில் குறைவில்லை.

இந்த வருஷம் குளிர் முந்திக்கொண்டது. மேல் சரிவு முழுக்கச் சிவந்துவிட்டது. உங்கள் நாகோயாவில் இன்னும் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். நவம்பர் மூன்றாம் தேதி விடுமுறையை ஒட்டி வழக்கம்போல மூன்று நாள் வந்துவிடுங்கள். கஷ்கொட்டை பொறுக்கி வைத்திருக்கிறேன். அருவிக்குப் போகிற வழியில் பாலம் புதிதாகப் போட்டிருக்கிறார்கள், அதனால் நானும் வருவேன், என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போக நினைக்காதே.

போன வருஷம் மலைப் பேருந்தில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தாய். "அத்தை, உங்க மருமகனை யாரோ துணி மாதிரி அலசிப் பிழிஞ்சு அனுப்பியிருக்காங்க" என்று உன் வீட்டுக்காரி கயோகோ சொன்னதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. மறுநாள் அருவிக்கரையில் அதே நீ, சோற்று உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல், சின்ன வயதில் உன் அப்பாவோடு மீன் பிடித்த கதையைச் சொல்லித் தீர்த்தாய். என் தம்பிக்கு மீன் பிடிக்கவே தெரியாது. இருந்தாலும் கதை நன்றாக இருந்தது.

எந்த ரயில் என்று எழுது. தொலைபேசியில் கூப்பிடாதே, எனக்கு அதில் இரைச்சல்தான் கேட்கிறது.

அன்புடன்,
உமே அத்தை


நாகோயா
அக்டோபர் 25, 1984

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? அந்தப் பாலத்தை நம்பி நீங்கள் தனியாகப் போக வேண்டாம்.

இந்த முறை வர முடியாது போலிருக்கிறது. அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் நேரம், விடுமுறை நாளிலும் வரச் சொல்லிவிட்டார்கள். கயோகோவுக்கும் ஒரு வாரமாகச் சளி, இருமல். மலைக் குளிர் அவளுக்கு ஆகாது. உங்களை மிகவும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அடுத்த வருஷம் கண்டிப்பாக வருகிறோம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பணிவுடன்,
மோரியோ


கிஸோ மலை
நவம்பர் 12, 1984

அன்புள்ள மோரியோவுக்கு,

கோபமெல்லாம் இல்லை. வேலை என்றால் வேலைதான்.

மூன்றாம் தேதி நல்ல வெயில். அருவிக்குப் போய்வந்தேன். தனியாகப் போகவில்லை, பயப்படாதே, கைபிடித்துக் கூட்டிப்போக ஆள் இருந்தது. பாலம் ஆடவில்லை. ஊசியிலை மரங்களின் இலை மஞ்சளாகி உதிர்ந்து, சோற்றுப் பெட்டிக்குள்ளெல்லாம் விழுந்தது. அதையும் சேர்த்துத் தின்றோம்.

டர்னிப் கீரை ஊறுகாய் ஒரு ஜாடி அனுப்பியிருக்கிறேன். உனக்குத்தான். சோறு மட்டும் வடித்துக்கொண்டால் இதை வைத்தே ஒரு வேளை ஓட்டிவிடலாம். வெளியே கண்ட கண்ட இடத்தில் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

மனதில் ஏதாவது இருந்தால் எழுது. அத்தைக்குக் காதுதான் மந்தம், கண் நன்றாகத் தெரிகிறது.

அன்புடன்,
உமே அத்தை


நாகோயா
டிசம்பர் 2, 1984

அன்புள்ள அத்தைக்கு,

ஊறுகாய் வந்து சேர்ந்தது. கயோகோவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "அத்தை கை வச்சா அது தனி ருசி" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். சளி குணமாகிவிட்டது.

இங்கே எழுதும்படி ஒன்றும் இல்லை. காலையில் போகிறேன், இருட்டிய பிறகு வருகிறேன். பனி விழும் நாட்களில் வெளியே வராதீர்கள்.

பணிவுடன்,
மோரியோ


கிஸோ மலை
அக்டோபர் 6, 1985

அன்புள்ள மோரியோவுக்கு,

மறுபடி அந்தக் காலம் வந்துவிட்டது. இந்த வருஷம் காளான் அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் கூடை நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உங்க நாகோயாக்காரர் வருவாரா?" என்று கேட்டார். வருவான் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய் சொன்னவளாக ஆக்கிவிடாதே.

விடுமுறைக்கு வா. தனியாக வந்தாலும் சரி, அழுக்குச் சட்டையோடு வந்தாலும் சரி. பகல் ரயிலில் வந்தால் மலையேறும் பேருந்து சரியாகக் கிடைக்கும். இரண்டு மணி நேர ரயில். அதற்குள் ஒரு தூக்கம் போட்டால் வந்துவிடும். குமட்டலுக்கு உப்பில் ஊறிய பிளம் பழம் ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொள்.

வேறு ஒன்றும் சொல்ல மாட்டேன். வா.

அன்புடன்,
உமே அத்தை


நாகோயா
நவம்பர் 9, 1985

அன்புள்ள அத்தைக்கு,

வருவதாக எழுதிவிட்டு வராமல் போனதற்கு மன்னிக்க வேண்டும். கடைசி நேரத்தில் அலுவலக வேலை குறுக்கே வந்துவிட்டது. காளானைப் பக்கத்து வீட்டுக்காரருக்கே திருப்பிக் கொடுத்திருப்பீர்கள்.

கயோகோ நலம். முன்பெல்லாம் ஒவ்வொரு கடிதத்திலும் அவளைக் கேட்பீர்கள். இப்போது கேட்பதில்லை. அவளிடம் ஏதும் வருத்தமா? அவள் உங்களைப் பற்றி நல்லதாகவே பேசுகிறாள்.

பணிவுடன்,
மோரியோ


நாகோயா
அக்டோபர் 28, 1986

அன்புள்ள அத்தைக்கு,

இந்த வருஷமும் வரப்போவதில்லை. ஆனால் இந்த முறை அலுவலகத்தின் மேல் பழி போட மாட்டேன்.

கயோகோ என்னோடு இல்லை. 1984 ஆகஸ்டிலேயே கனஸாவாவில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவளே சொன்னாள். ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே, "இன்னிக்கி பகல்ல நான் கீழ விழுந்துட்டேன், முட்டியில ரத்தம்" என்றாள். நான் "ம்" என்றேன். என்ன சொன்னாள் என்று அடுத்த நாள்தான் எனக்கு உறைத்தது. அதற்குள் அவள் பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள்.

திரும்பி வருவாள் என்று இருந்தேன். போய்க் கூப்பிடவில்லை. இந்த வசந்தத்தில் விவாகரத்து கேட்டு எழுதினாள், ஜூன் மாதம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

உங்களிடம் சொல்லக் கூசியது. சளி என்றும் இருமல் என்றும் எழுதினேன். ஊறுகாயைச் சாப்பிட்டது நான் மட்டும்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் நவம்பர் மூன்றாம் தேதி நான் கிளம்பி வந்தேன். ரயிலை விட்டு இறங்கி, நிலையத்துக்கு வெளியே உங்கள் ஊர்ப் பேருந்துக்குப் பக்கத்திலேயே நின்றேன். ஓட்டுநர் "ஏறுறீங்களா இல்லையா?" என்று கேட்டார். தனியாக வந்து நின்றால் நீங்கள் முதலில் என் பின்னால்தான் எட்டிப் பார்ப்பீர்கள், கயோகோ எங்கே என்று. "நீங்க போங்க" என்றேன். பேருந்து போய்விட்டது. எதிரே ஒரு கடையில் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன்.

பணிவுடன்,
மோரியோ


கிஸோ மலை
நவம்பர் 9, 1986

அன்புள்ள மோரியோவுக்கு,

உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. நான் ஒருத்திக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவளைக் கேட்காமல் உனக்கு எழுத முடியாது. இந்த விடுமுறைக்கு அவள் வந்தாள், கேட்டேன், "இனிமே சொல்லலாம் அத்தை" என்றாள்.

கயோகோவைத்தான் சொல்கிறேன். நீ எழுதியதில் பேருந்துக் கதையையும் இந்த வருஷத்துக் கையெழுத்தையும் தவிர மற்றதெல்லாம் எனக்கு இரண்டு வருஷமாகவே தெரியும்.

நீ இருமல் என்று எழுதிய அந்த நவம்பரில், அவள் கனஸாவாவிலிருந்து ரயில் மாறி மாறி இங்கே வந்து நின்றாள். எல்லாம் சொன்னாள். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு நாகோயாவுக்குக் கிளம்புகிறேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் அத்தை. நீங்க கூப்பிட்டா வருவாரு. உங்களுக்காக வருவாரு. அதுல எனக்கு என்ன இருக்கு? அவரா வரணும். நான் இங்க இருக்கேன்னு ஒரு வார்த்தை எழுதாதீங்க" என்றாள். "அப்ப எதுக்கு இந்தக் கிழவி வீட்டுக்கு வந்த?" என்று கேட்டேன். "அவரு வருஷத்துல மூணு நாள்தான் பேசுவாரு. அந்த மூணு நாளும் இங்கதான். வேற எங்க போய்க் காத்திருக்கறது?" என்றாள்.

அருவிக்கு என் கைபிடித்துப் போனது அவள்தான். உனக்கு அனுப்பிய ஊறுகாய் ஜாடியின் வாயைத் துணி வைத்துக் கட்டியதும் அவள்தான். அதை அவள் ருசித்துச் சாப்பிட்டதாக நீ எழுதியதைப் படித்துவிட்டு அந்தக் கடிதத்தை அலமாரியின் அடியில் ஒளித்து வைத்தேன்.

போன வருஷமும் வந்தாள். நீ வருவதாக எழுதியிருந்ததை அவளிடம் சொல்லியிருந்தேன். மூன்றாம் தேதி பகல் பேருந்தைப் பார்க்க இறங்கிப் போனாள். அந்தப் பேருந்துதான், மோரியோ. நீ போகச் சொன்னாயே, அதே பேருந்து. அதிலிருந்து தீவன மூட்டையோடு ஒரு கிழவர் மட்டும் இறங்கினாராம். மூட்டையின் ஒரு பக்கத்தைப் பிடித்து அவர் வீடு வரை கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அவரு வரல அத்தை" என்றாள். பிறகு உட்கார்ந்து என்னோடு சீமைப் பனிச்சம் பழம் உரித்தாள். விடுமுறையில் இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது. ஆனாலும் மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டாள்.

'கயோகோ இங்கே இருக்கிறாள்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நான் எழுதவில்லை. வாக்கைக் காப்பாற்றினேன். அதைவிடப் பெரிய மடத்தனம் இந்த எழுபத்தொன்பது வயதில் நான் செய்ததில்லை.

இந்த வருஷம் அவள் தனியாக வரவில்லை. தகபே என்று ஒரு மனிதர், மீன் சந்தையில் வேலை, மனைவியை இழந்தவர். என்னிடம் காட்டிவிட்டுத்தான் கல்யாணம் என்று கூட்டி வந்தாள். வாய் மூடாத மனிதர். கானாங்கெளுத்தி மீனைப் பற்றியே காலைச் சாப்பாடு முழுக்கப் பேசினார். எனக்குப் பிடிக்கக் கூடாது என்றே உட்கார்ந்திருந்தேன். கயோகோ கன்னத்தில் கைவைத்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் என்னால் கோபப்பட முடியவில்லை.

அருவிக்குப் போகும்போது கால் மடங்கிவிட்டது. அவர் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு பாறை பாறையாகத் தாண்டினார், அப்போதும் பேசிக்கொண்டே. இறக்கிவிட்டு, "அத்தை, நீங்க சூரை மீனைவிட லேசா இருக்கீங்க" என்றார். கயோகோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது.

அவர்கள் கிளம்பும் நாள் நான் ஒரு காரியம் செய்தேன். "கயோகோ, இனிமே இந்த விடுமுறைக்கு நீ வர வேணாம். மோரியோ எல்லாத்தையும் எழுதிட்டான். அடுத்த வருஷம் வருவான். வந்தா அவனுக்கு இங்க இடம் இருக்கணும்" என்றேன். படுக்கையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்து அலமாரியில் வைத்துவிட்டு, "சரி அத்தை" என்றாள்.

சொன்னது சரியா தப்பா என்று தெரியவில்லை. நீ என் தம்பி பிள்ளை. அவள் எனக்கு யாரும் இல்லை என்றுதான் இனி ஊர் சொல்லும்.

அன்புடன்,
உமே அத்தை


நாகோயா
நவம்பர் 24, 1986

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பிறகு சமையலறையில் உட்கார்ந்து, அந்தப் பேருந்தில் ஏறியிருந்தால் இறங்கியதும் அவளிடம் என்ன சொல்லியிருப்பேன் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் வரவில்லை. "குமட்டுது, கொஞ்சம் தண்ணி கொடு" என்றுதான் சொல்லியிருப்பேன். அதுவே போதுமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கயோகோவுக்கு எழுதுங்கள். இன்றே எழுதுங்கள். அவளை வர வேண்டாம் என்று சொன்னது தப்பு, அத்தை. அந்த மூன்று நாட்களும் என்னுடையவை அல்ல. அவள் இரண்டு வருஷம் காத்திருந்து சம்பாதித்தவை. அடுத்த நவம்பரிலும் அவர்களோடு அருவிக்குப் போங்கள். அந்த மனிதர் உங்களைத் தூக்கிக்கொண்டு போகட்டும். இத்தனை வருஷம் வந்தேனே, உங்கள் கால் வலிக்கிறதா என்று கடிதத்தில் கேட்டதோடு சரி, ஒருநாள் தூக்கியதில்லை.

நான் பிப்ரவரியில் வருகிறேன். கூரையில் சேரும் பனியைத் தள்ள உங்களுக்கு ஆள் வேண்டும். பேருந்தில் ஏறுவேன். இதை நம்பச் சொல்லிக் கேட்க எனக்கு முகம் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

பணிவுடன்,
மோரியோ


கிஸோ மலை
டிசம்பர் 15, 1986

அன்புள்ள மோரியோவுக்கு,

கயோகோவுக்கு எழுதிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை. புதுக் குடித்தனம், நேரம் இருக்காது. அல்லது மனம் இருக்காது. எதுவானாலும் நான் சொன்ன சொல்லுக்கு நான்தான் காத்திருக்க வேண்டும்.

நேற்று முதல் பனி விழுந்தது. பிப்ரவரியில் இங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. இலை இல்லை, காளான் இல்லை, அருவியும் உறைந்து கிடக்கும். இரண்டு பேரும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வா.

உமே அத்தை