பல்லவி திரும்பும்வரை

என் அவசரக்காரனுக்கு,

முகப்பேரில் உன் அம்மா வீட்டில் சௌகரியமாக இருப்பாய். நான் பாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எத்தனை தடவை சொன்னேன்! ராக் பாட்டுதான், ஆனால் மெதுவாக ஏறுகிற பாட்டு. முதலில் கிட்டாரும் என் குரலும் மட்டும். பல்லவி இரண்டாம் முறை வரும்போதுதான் டிரம்ஸ் இடி மாதிரி இறங்க வேண்டும். அதுவரை சும்மா உட்கார உன்னால் முடியாது. நான் பேசி முடிப்பதற்குள் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனவன்தானே நீ.

நேற்று நீ இல்லாமலே பதிவு செய்தோம். இங்கே பூந்தமல்லியில் வீட்டு வாசலிலேயே மெட்ரோ வேலை, நாள் முழுக்க மிஷின் இடிக்கிறது. அவர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்துப் பாடத் தொடங்கினேன். பல்லவி திரும்புகிற அதே இடத்தில் மிஷின் மறுபடி இடித்தது! கிட்டார் வாசிக்கிற தமிழ்வாணன் சிரித்துவிட்டான்.

"இன்னாக்கா, மெட்ரோகாரன் கரெக்டா வந்துட்டான். உன் ஊட்டுக்காரருக்கு இது வரலியே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சலில் உச்சஸ்தாயியில் கத்திப் பாடினேன். நன்றாகத்தான் வந்தது.

ஆனால் கடைசி வரியில் என் குரல் மட்டும் தனியாகக் கேட்க வேண்டும். அங்கே நீ எப்போதும் டிரம்ஸின் சிம்பல் தட்டைக் கையால் பிடித்து அடக்குவாய். அதை மட்டும் நான் சொல்லாமலே செய்வாய். நேற்று அந்த இடத்தில் மிஷின் நிற்கவே இல்லை. நான் பாடியது எனக்கே கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி பாடுகிறோம். உன் டிரம்ஸ் குச்சிகள் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கின்றன. வந்தால், நான் முடிக்கும்வரை உட்கார். பாட்டுக்கு மட்டும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
பாதியில் நிற்கிறவள்